தங்கமான பிள்ளை

இரண்டு வருடங்களுக்கு முன், மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம், கண்டியிலிருந்து அம்பிட்டிய போகும் பஸ்ஸில் நடந்தது இது. அங்கே ஒரு சிறுவர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்கள் இல்லத்து மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தியை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையாக இல்லத்துக்கு வந்தவள். ஊசி போட்டாலும் அழமாட்டாள், யார் கூப்பிட்டாலும் போவாள். 'தங்கமான பிள்ளை' என்று பெருமையடிப்பதே நான்தான்.

பஸ்ஸில் எள் விழ இடமில்லை. வழக்கம்போல, உட்கார்ந்திருந்த ஒரு அக்கா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் விரட்டியதில் நான் முன்பக்கம் போய்விட்டேன். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அந்த இருக்கையில் வேறொரு ஆள் ஈரக்குடையோடு உட்கார்ந்திருக்கிறார்.

பிள்ளையையும் காணோம், அக்காவையும் காணோம். நான் கத்திய கத்தலில் பஸ் நின்றது. பிள்ளையோடு ஒரு பெண் முந்திய தரிப்பிடத்தில் இறங்கியதாக யாரோ சொன்னார்கள். கொட்டும் மழையில் வந்த வழியே ஓடினேன். பிள்ளையை நினைப்பதற்கு முன், என் வேலை போய்விடுமே என்றுதான் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தரிப்பிடத்தில் அந்த அக்காவும் பதறிப்போய்த்தான் நின்றார். எழும்பியபோது பிள்ளை அவர் கையை விடாமல் கூடவே இறங்கிவிட்டதாம். நான் முன்கதவால் இறங்கியிருப்பேன் என்று நினைத்தாராம்.

"அம்மாவக் காணலன்னா புள்ள அழும்தானே. இது ஒரு சத்தம் போடலையே" என்றார்.

ஏச வந்தவள், பிள்ளையிடம் கையை நீட்டினேன். பிள்ளை என்னைப் பார்த்தாள், ஓடி வரவில்லை. "நான் இந்த அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். இல்லத்தில் வேளைக்கு ஒருவராக மாறுவோம். வருகிற எல்லோரையும் அம்மா என்று கூப்பிடப் பழக்கியிருந்தோம். நானும் அந்த அக்காவும் அவளுக்கு ஒன்றுதான்.

நடந்ததைப் பொறுப்பாளரிடம் மறைக்காமல் சொன்னேன். நன்றாக ஏச்சு விழுந்தது. ஆனால் அதன்பின் அவளைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தூங்கவைப்பதும் என் ஒருத்தியின் வேலையானது. ஏழெட்டு மாதம் கழித்து, லீவில் மடுல்கெல்லையில் இருக்கும் என் வீட்டுக்குப் புறப்பட்டபோது, என் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டடியில் வீறிட்டு அழுதாள். அன்றைக்கு நான் பஸ்ஸை விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்து அழுதேன்.

யாரிடமும் அழாமல் போகும் பிள்ளையை யாராவது புகழ்ந்தால், எனக்கு இன்றும் அந்த மழையில் ஓடிய பயம்தான் வருகிறது.