அலசிக் காயப்போட்ட பிலிம்

திருவள்ளூர் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்த கிருஷ்ணஸ்வாமியின் மகன் ஸம்பத்குமார், ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தான். நம் பால்வீதியின் நடுவில் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சந்தித்து, இரண்டும் இல்லாமல் போகும்போது, குறிப்பிட்ட ஆற்றலில் காமா கதிர் வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். காற்று அதைக் கீழே விடாது; பலூனில் கருவி ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கருவியை இரண்டு வருஷம் உட்கார்ந்து இணைத்தவன் அவன்.

1974 ஏப்ரலில் பலூன் ஏறியது. கருவி கண்டதைக் கீழே அனுப்பும் ரேடியோ சீக்கிரமே நின்றுவிட்டது. மேலே கண்டதெல்லாம் இனி கருவிப் பெட்டிக்குள் ஓடிய பிலிமில் மட்டும். பெட்டியோ காற்றில் தள்ளிப்போய்ப் பழவேற்காடு ஏரியில் விழுந்தது.

"உன் ஊர்ப்பக்கம்தானே, நீயே போ. நனைஞ்சிருந்தா ஈரத்தோடயே இருட்டுல வச்சுக் கொண்டு வா. டெவலப் பண்ணிடலாம்" என்றார் தலைமை விஞ்ஞானி.

ஆரம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஏரிக்கரை மீனவர் குப்பத்துக்குப் போனான். பெட்டியைக் கரைக்கு இழுத்து வந்தவன் நாகமுத்து. அவன் மனைவி பச்சையம்மா வாசலிலேயே நின்றாள்.

"வா சார். மூணு நாளா இதுக்குக் காவல். பத்ரமா வச்சிக்கோன்னு போலீசு சொல்லிட்டுப் போச்சு."

"யாராவது தொறந்தீங்களாம்மா?"

"தொறக்காம? ஏரித்தண்ணி உள்ள பூந்துகினு நின்னுச்சு. உப்போட உட்டா எதுவும் வீணாப் பூடும் சார். நல்ல தண்ணில அலசி வச்சிருக்கேன்."

"என் வலையக்கூட இப்பிடி அலசினதில்ல" என்றான் நாகமுத்து.

பின்பக்கம் அழைத்துப் போனாள். காயும் இறாலுக்கு மேலே, வலை உலர்த்தும் கயிற்றில், பிலிம் முழு நீளமும் வளைந்து வளைந்து தொங்கியது. மூன்று நாள் வெயில். ஸம்பத்குமார் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தான். மடிப்புக்கூட இல்லை. வெளிச்சம் பட்டு ஊதா பாரித்திருந்தது; இனி டெவலப் பண்ண அதில் எதுவும் இல்லை.

"இன்னா சார், எதுனா கொறையுதா? ஒரு ஆணிகூடப் போவல."

"ஒண்ணும் குறையலம்மா."

"பின்ன ஏன் சாவு ஊட்ல நிக்கிற மாதிரி நிக்கிற?" என்றான் நாகமுத்து.

"சும்மா இருய்யா. வெயில்ல வந்துகீறாரு."

பெட்டியைத் திறக்கக் கூடாதென்று மூன்று மொழிகளில் ஒட்டியிருந்தது. படிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இல்லை. யாரைக் கோபித்துக்கொள்வது? பச்சையம்மா கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, பிலிமைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த பலூனுக்கு அனுமதி கேட்டு மூன்று முறை எழுதினார்கள்; கிடைக்கவில்லை. 1978இல், ஆஸ்திரேலியாவில் பலூன் விட்டவர்கள் அந்தக் கதிரைத் தெளிவாகப் பிடித்துவிட்டதாகக் கட்டுரை வந்தது. தலைமை விஞ்ஞானி அதை அவன் மேசையில் வைத்தார்.

"நாம நெனச்ச எடத்துலதான் இருக்கு, ஸம்பத்."

அவன் கடைசிப் பக்கம் வரை படித்தான். பிறகு, அடுத்த பலூனுக்கென்று சரிசெய்து வைத்திருந்த கருவியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான். பாகங்களை வாங்கிப்போக வேறு பிரிவிலிருந்து ஆள் வந்து காத்திருந்தார்.