வெயிலில் காய்ந்த ஹார்ட் டிஸ்க்

நமத்துப்போன வெடி வெயிலில் காய்ந்தால் வெடிக்கிறது. நமத்துப்போன ஹார்ட் டிஸ்கும் காய்ந்தால் ஓடும். சத்தியமாக இதைத்தான் நம்பினேன். இத்தனைக்கும் என் கடை வாசலில் 'கம்ப்யூட்டர் டிசைனர்' என்று போர்டு வேறு தொங்கியது.

சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்கு வெடிப் பெட்டி லேபிள் வரைந்து கொடுப்பதுதான் அப்போது என் பிழைப்பு. தீபாவளி சீசன். நாரணாபுரத்து வெடி கம்பெனி ஒன்றின் கிஃப்ட் பாக்ஸ் மூடிக்கு ஒரு மயில் வரைந்திருந்தேன். இறகு இறகாக ஒரு மாத வேலை. மறுநாள் அச்சுக்குப் பிலிம் எடுக்கணும். மூடி அச்சாகாவிட்டால் பெட்டி லோடு ஏறாது, அப்புறம் அந்த ஆர்டர் என் பக்கம் திரும்பியே பார்க்காது. மயில் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. சி.டி.யில் ஒரு பிரதி போட்டு வை என்று பிரஸ் முதலாளி சொல்லும்போதெல்லாம் "நாளைக்கு" என்பேன்.

அன்றைக்குக் காலையில் ஆன் செய்தால் நீலத் திரை. உள்ளே டிக், டிக் என்று சத்தம். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. எனக்கு விளங்கிவிட்டது: ஈரம்!

டிஸ்கைக் கழற்றி வீட்டு மொட்டைமாடியில் பேப்பர் விரித்து வைத்தேன். ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பிப் போட்டேன். மாரியாத்தாவுக்கு மாவிளக்கும் நேர்ந்துகொண்டேன். மிளகாய் வத்தல் காயப்போட வந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"ஹார்ட் டிஸ்க். நமத்துப் போச்சு."

"அப்ப திரி எங்கன இருக்கு? பத்தவச்சுப் பாத்துருவோம்."

சிரித்து முடித்தவள், அவள் தம்பியின் கம்ப்யூட்டர் கெட்டபோது சரிசெய்து கொடுத்த விருதுநகர் கடையைச் சொன்னாள். துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பச்சைப்பிள்ளையைப் போல மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து ஏமாந்தார்.

கடையை நடத்தியது ஒரு பெண். டிஸ்கைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டுச் சூடு?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முதல்ல ஆறட்டும். நீங்க டீ குடிச்சீகளா?"

ஆறியதும் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். "உள்ள சுத்துற தட்டுல சில இடம் கெட்டுப் போச்சு, பேட் செக்டார். அதைப் படிக்க முடியாம திரும்பத் திரும்ப முட்டுது, அதான் அந்தச் சத்தம். நல்ல இடத்தை முதல்ல எடுத்துருவோம். கெட்டதைக் கடைசியில பாப்போம்."

எடுத்த ஃபைல்களைப் புது டிஸ்கில் போட்டுக்கொண்டே வந்தார். கெட்ட இடம் வந்தால் திரையில் எல்லாம் நின்றுவிடும். கூடவே என் மூச்சும். அவர் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போவார். நடுவில் டெலிபோன் பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போட்டு, நடந்ததை அழாக்குறையாகச் சொன்னேன்.

"ஏலே, எம்புட்டு நேரமானாலும் இருந்து வாங்கிட்டு வா. மெஷின்ல வேற வேலையை ஏத்திக்கிறேன்" என்றார். திட்ட அவருக்கு அத்தனை உரிமையும் இருந்தது. திட்டவில்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் கை தானாகக் கும்பிடும்.

சாயங்காலம் அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பினார். மயில் நின்றது, ஓர் இறகு குறையாமல்.

டிஸ்கில் ஈரமே இருக்கவில்லை. பழசாகி, தட்டு சில இடங்களில் கெட்டிருந்தது. அந்த இடங்களில் இருந்தவை என் பாட்டுகளும் ஒரு சீட்டாட்டமும். அவை திரும்பவில்லை. மறுநாள் பிலிம் எடுத்தோம்.