ஐந்நூறு ஏற்றிக் கேட்டவர்கள்

1. முதல் ஏலம்

பெரம்பலூரில் புளி மண்டி வைத்திருந்த நல்லுசாமி முதலாளி என்னை வேலைக்கு எடுத்தது மூட்டை எடை போடுவதற்கு. தொண்ணூறுகளின் நடுவில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே, ஏலம் கேட்க அனுப்பிவிட்டார். காரணம் அவருடைய கோபம். எதிராளி கூட்டிக் கேட்டால் அவருக்குக் காது சிவந்துவிடும். காது சிவந்தால் தொகை எகிறிவிடும். தொடர்ந்து நஷ்டம் வந்ததும் அவர் மனைவி மரகதம் அம்மா தலையிட்டார்.

"இனிமே ஏலத்துல நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அந்த ராசுவ கேக்கச் சொல்லுங்க. அவனுக்கு எதுவும் ஒறைக்காது."

நான்தான் ராசு. அந்த வார்த்தைதான் என் நியமன உத்தரவு.

ரோட்டோரப் புளியமரங்களின் ஒரு வருஷக் காய்ப்பை, நெடுஞ்சாலைத் துறையினர் ரோடு ரோடாகப் பிரித்து ஏலம் விடுவார்கள். டெபாசிட் கட்டிய யாரும் கேட்கலாம். கேட்கும் தொகைக்குக் 'கேள்வி' என்று பெயர். முந்தைய கேள்விக்கு மேல் குறைந்தது ஐந்நூறு ரூபாயாவது ஏற்ற வேண்டும். மேல் வரம்பு கிடையாது. அதிகாரி ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லி முடித்தால் கடைசியாகக் கேட்டவருக்கு மரம்.

முதல் ஏலத்தில் எனக்கு எதிரே கீழப்பழுவூர் ரத்தினம் என்ற வியாபாரி உட்கார்ந்திருந்தார். நான் எவ்வளவு கேட்டாலும் அதன் மேல் ஐந்நூறு. திரும்பவும் ஐந்நூறு. கையில் காசில்லாத மனுஷன், தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று பத்தாயிரம் ஏற்றினேன். ரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"தம்பியே எடுத்துக்கட்டும் சார். ஆசப்படுது."

அடுத்து வந்த ரோடுதான் அவருக்கு வேண்டியது என்பது அது ஏலத்துக்கு வந்தபோதுதான் புரிந்தது. எங்கள் கையில் அதற்குப் பணம் மிச்சமில்லை. அவர் சுலபமாக எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது முதலாளி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இடம் இருந்தது.

2. ஆளைப் படிப்பது

அதன்பின் சின்னக் கேள்விகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஐந்நூறு ஒன்றுதான், ஆனால் ஆளுக்கு ஆள் அதன் பொருள் வேறு. வாய் திறப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் பங்காளியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஐந்நூறு ஏற்றுகிறவரிடம் பணம் முடியப் போகிறது. சிரித்துக்கொண்டே ஏற்றுகிறவர் வாங்க வரவில்லை, உங்களை மேலே தள்ள வந்திருக்கிறார். அவரிடம் பாதி வழியில் விட்டுவிட்டால் மரம் அவர் தலையில் விழும், சிரிப்பு நின்றுவிடும். இதை ரத்தினத்திடமே ஒரு வருஷம் செய்து பார்த்தேன். நன்றாக வேலை செய்தது.

எனக்குப் பிடிபடாதவர் அரியலூர் காதர் பாய் ஒருவர்தான். அவரும் மண்டிக்காரர். எப்போதும் ஐந்நூறுதான் ஏற்றுவார். நான் தொகையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் கேள்வி வந்துவிடும். யாரையும் பார்க்க மாட்டார், கண் மேஜை மேல் இருக்கும். பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதுபோல ஏலம் கேட்பார். அந்த ஐந்நூறுக்கு ஒரே அர்த்தம், எடுக்காமல் போக மாட்டேன் என்பது. அவர் வரும் ரோட்டில் நான் சீக்கிரமே கழன்றுகொள்வேன். இப்படிப் பல வருஷம் ஓடியது. முதலாளிக்கும் என்மேல் நம்பிக்கை வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். பிறகு கார் வாங்கினார்.

3. அரியலூர் ரோடு

ஒரு வருஷம் மற்ற இடங்களில் பூ கொட்டிப்போய்க் காய்ப்புக் குறைந்திருந்தது. அரியலூர் ரோட்டு மரங்கள் மட்டும் கிளை தாழக் காய்த்திருந்தன. அந்த நேரம் பார்த்து, "பெரம்பலூர் மண்டிக்கு நாக்கு மட்டும்தான் நீளம்" என்று ஏதோ கல்யாணப் பந்தியில் பாய் சொன்னதாக ஒருவர் முதலாளியிடம் வந்து சொல்லிவிட்டார். முதலாளிக்குக் காது சிவந்தது. ஏலம் வரைக்கும் அது இறங்கவே இல்லை.

"எவ்ளோ போனாலும் நீ எடுக்கணும் ராசு. நிறுத்துன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஏலத்தன்று காலையில் கார் கிளம்பும்போது மரகதம் அம்மா என் பக்கத்துக் கண்ணாடியருகே வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"வூட்டுப் பத்திரத்த மஞ்சப்பையில வெச்சு எடுத்துக்கிட்டு வராரு. ஏலம் முடிஞ்சதும் அடகு வெச்சுக் கட்டிருவாராம். நாங்க குடியிருக்கணும் ராசு."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

அன்று நாங்களும் பாயும் மட்டும் மிஞ்சியபோது தொகை மரத்தின் மதிப்பைத் தாண்டியிருந்தது. நான் ஐந்நூறு ஏற்றினேன். பாய் உடனே கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, ஐந்நூறு ஏற்றினார். இத்தனை வருஷத்தில் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. முதலாளி என் தொடையில் கிள்ளினார்.

"படுத்துட்டான்டா. ஏத்து."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏற்றினேன். இந்த முறை பாய் இன்னும் தாமதித்தார். அதிகாரி ரெண்டு தரம் சொன்ன பிறகுதான் ஐந்நூறு வந்தது, குரல் பாதியாக. பணம் முடிந்த ஆள் என்றால் கூட வந்தவரைப் பார்ப்பார், மனக்கணக்குப் போடுவார். பாய் எதையும் செய்யவில்லை. கண் வழக்கம்போல மேஜை மேல்தான் இருந்தது. ஆனால் மார்கழிக் குளிரில் அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. இடது கையை மடியில் கிடத்தி வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

நான் இன்னொரு ஐந்நூறு கேட்டால் மரம் எங்களுக்கு, பத்திரம் அடகுக்கடைக்கு. கேட்காவிட்டால் என் வேலை போகும். நிஜமாகவே அந்த நேரத்தில் இந்த இரண்டும் என் நினைப்பில் இல்லை. எழுந்துவிட்டேன்.

"சார், ஏலத்த நிறுத்துங்க. பாய்க்கு ஒடம்பு சரியில்ல."

பாய் தலையைத் தூக்கினார். "எனக்கு ஒண்ணுமில்ல சார். கேள்வி ஏத்த முடியாம இவன் நாடகம் போடுறான். நீங்க நடத்துங்க."

"ஒக்காருடா!" என்றார் முதலாளி.

"ஒரு தரம்" என்றார் அதிகாரி. அவர் மேல் தப்பில்லை, உடம்பு முடியாதவரே நடத்தச் சொல்கிறார்.

"ரெண்டு தரம்."

பாய் நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

மூணு தரம் யாரும் சொல்லவில்லை. ஓடிப்போய்த் தூக்கியவர்களில் முதலாளியும் ஒருவர் என்பதைக் காரில் ஏற்றும்போதுதான் கவனித்தேன். கார் அவருடையது. பாயின் தலை என் மடியில் இருந்தது. முதலாளி ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். பாதி வழியில் பாய் கண்ணைத் திறந்தார்.

"மூணு தரம் சொல்லிட்டாரா?"

"இல்ல பாய்."

"அப்ப எங் கேள்வி நிக்குதுல்ல?"

முன்னால் இருந்து முதலாளி கத்தினார். "பேசாம படுய்யா! சாவப்போற நேரத்துல கேள்வியாம் கேள்வி."

அரியலூர் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து திருச்சிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். பார்க்கப் போனபோது முதலாளி சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டார். கட்டிலருகே உட்கார்ந்ததும் நேராகக் கேட்டார்.

"எனக்கு நாக்கு மட்டும்தான் நீளம்னு பந்தியில சொன்னீங்களாமே?"

பாய் யோசித்தார். "சொல்லிருப்பேன். பிரியாணில உப்பு கம்மி. எல்லாரையும் திட்டிக்கிட்டுதான் இருந்தேன்."

முதலாளிக்குக் காது சிவக்கவில்லை. சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை மரகதம் அம்மா வாங்கிக்கொண்டார்.

4. மறு ஏலம்

அந்த ஏலத்தை ரத்து செய்து வேறொரு நாள் வைத்தார்கள். பாயின் இடத்தில் அவர் மகள் ஜரீனா வந்து உட்கார்ந்தார். மண்டிக் கணக்கு பார்க்கிறவர், ஏலத்துக்குப் புதுசு. முதலாளி எனக்கு நியாயமான ஒரு எல்லை சொல்லியிருந்தார்.

நான் ஐந்நூறு ஏற்றினேன். அவர் ஐயாயிரம் ஏற்றினார். நான் ஐந்நூறு. அவர் மறுபடி ஐயாயிரம். முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாக நான் படித்து வைத்திருந்த எதுவும் அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை. பயந்து எகிறுகிறாரா, பணத்தோடு வந்திருக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. எல்லைக்குள் இன்னும் இடம் இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். மரம் அவருக்குப் போனது.

வெளியே டீ குடிக்கும்போது ஜரீனா என்னிடம் வந்தார்.

"அத்தாவக் காப்பாத்துனது நீங்கதானாம். ரொம்ப நன்றிண்ணே."

"அத்தா இப்ப எப்படிம்மா இருக்காரு?"

"கஞ்சி குடுக்கறோம்னு எல்லாரையும் திட்டிக்கிட்டு இருக்காங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கட்டுமாண்ணே? ஏன் நிறுத்திட்டீங்க? இன்னொரு ஐந்நூறு நீங்க ஏத்திருந்தா நான் விட்டுட்டு எந்திரிச்சிருப்பேன். அதுக்கு மேல ஏங்கிட்ட இல்ல."

முதலாளி சற்றுத் தள்ளி நின்று வடை தின்றுகொண்டிருந்தார். அவரிடம் இதை நான் சொல்லவில்லை. இதுவரையிலும் சொல்லவில்லை.

இப்போது ஏலத்துக்குப் போகிறவர்கள் என்னிடம் வந்து, சின்னதாக ஏற்றினால் என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள். ஐந்நூறுக்குத் தனியாக அர்த்தம் எதுவும் கிடையாது. கேட்டது யார், அவர் வழக்கமாக எப்படிக் கேட்பார், இன்றைக்கு அதில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஆளைத் தெரியாவிட்டால் முதல் ஏலத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். மரம் போனால் அடுத்த வருஷமும் காய்க்கும்.