லோயிஸ் வாங்கிக் கொடுத்த பாலம்

ஊருக்கே பஸ் திட்டம் போடுகிறவளுக்குக் காலையில் ஏறிப்போக ஒரு பஸ் கிடைக்காது. லோயிஸ் ஃபியுலானாவின் பிழைப்பு இதுதான். அவள் குடியிருக்கும் வைட் ரிவர் பேட்டைத் திருப்பத்தில், கையில் செருப்போடு, சேற்றில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்பாள். பஸ்ஸாக ஓடும் வேன்கள் வரும். உள்ளே ஆட்கள் கிழங்கு மூட்டை மாதிரி அடைந்திருப்பார்கள். கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே பாக்குச் சாற்றைத் துப்பிவிட்டு, "அக்கா, உன் ஆபீஸ்ல சொல்லி இன்னும் ரெண்டு பஸ் விடச் சொல்லேன்!" என்று கத்திக்கொண்டே போவான். தினமும் இதே நையாண்டி. முதலில் சிரித்தாள், அப்புறம் முறைத்தாள், இப்போது இரண்டுக்கும் தெம்பில்லை.

படித்தது ஃபிஜியில். திரும்பி வந்ததும் இந்தத் தீவு நாட்டின் தலைநகரில், நகர அலுவலகத்துப் போக்குவரத்துப் பிரிவில் உட்கார வைத்தார்கள். பிரிவு என்றால் அவள்தான் பிரிவு, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. வாரா வாரம் கப்பலில் வெளித்தீவுச் சனம் வந்து இறங்குகிறது. மேட்டிலெல்லாம் தகரக் கூரை முளைக்கிறது. ரோடு மட்டும் அன்றைக்கு இருந்த அதே ஒற்றை ரோடு. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வருவார், படம் வரைவார், வண்ணம் தீட்டுவார், கைகுலுக்கிவிட்டு விமானம் ஏறுவார். அடுத்த ஆண்டு இன்னொருவர் வந்து அதே படத்தை வேறு வண்ணத்தில் வரைவார். அவர்கள் எல்லாரையும் சந்தைக்கு அழைத்துப் போய்க் காட்டியவள் லோயிஸ்தான்.

முடிச்சு அங்கேதான் இருந்தது. சந்தை கடல் பக்கம், வீடுகள் மேட்டுப் பக்கம். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சனம் ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டே இருக்கும். தலையில் கூடை, இடுப்பில் பிள்ளை, கையில் மீன் கோர்த்த கயிறு. ஒவ்வொருவருக்கும் பஸ் நிற்க வேண்டும். பின்னால் வால் பிடித்த வண்டிகள் துறைமுகம் வரைக்கும் நிற்கும். சந்தைக்கு அப்பால்தான் பெரிய ஆஸ்பத்திரி. பிரசவ வலியில் போனவள் வண்டியிலேயே பெற்ற கதை இங்கே யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்.

மற்ற எல்லாத் திட்டத்தையும் லோயிஸ் கைகழுவிவிட்டாள். ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்: சந்தைக்கு முன்னால் ஒரு நடைபாலம். சனம் மேலே, பஸ் கீழே. அதற்காக எத்தனை பேர் வாசலில் நின்றாள், எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

கடைசிக் கூட்டத்தில் தலைமை அதிகாரி மால்கம் ஒரு கேள்வி கேட்டார். அவர் மேற்குத் தீவுக்காரர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பேசுகிறவர்.

"ஏம்மா லோயிஸ், உங்க மலைட்டாத் தீவு ஆளுங்க ஒத்துப்பாங்களா? பொம்பளை மேல நடக்கறப்ப ஆம்பளை அதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு உங்க பக்கம் இருக்கே?"

"அது மலைமேல சார். டவுனுக்கு வந்தப்புறம் யாரு அதெல்லாம் பாக்குறா? மாடிக்கடைக்கு அடியில நின்னுதானே எல்லா ஆம்பளையும் சோடா குடிக்கிறான்?"

எல்லாரும் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

பாலம் வந்தது. பச்சைக் கைப்பிடி, இரண்டு பக்கமும் அகலமான படி. திறந்த வாரம் லோயிஸ் வேண்டுமென்றே ஒரு பஸ்ஸில் ஏறி நேராகக் கிழக்கே போனாள். பஸ் நிற்கவே இல்லை! மேலே சனம் போகிறது, கீழே பஸ் போகிறது, ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரி, "பல்வலியா அக்கா?" என்று கேட்டு ஒரு கிராம்பு கொடுத்தாள்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. மலைட்டாவிலிருந்து கப்பலில் மாமனார் வந்து இறங்கினார்.

தோமியா கிழவர் உள்மலை ஆள். சர்ச்சுக்குப் போகாதவர், இன்னும் முன்னோருக்குப் பன்றி படைக்கிறவர். காட்டுக்கத்தி பட்ட கால் புண் மாதக்கணக்கில் ஆறாமல் நாற ஆரம்பித்ததும் மகன் ஆல்சன், லோயிஸின் புருஷன், போய் அழைத்து வந்துவிட்டான். தினம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும், தவறினால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் ஆல்சன் அவரை பஸ்ஸில் ஏற்றினான். பாலத்துக்குக் கீழே வண்டி நுழைந்தபோது கிழவர் தற்செயலாக மேலே பார்த்தார். கூடையும் பாவாடையுமாக ஒரு கூட்டம் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான்! "நிறுத்துடா!" என்று போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டான். கிழவர் தடியை ஊன்றி இறங்கி, டிரைவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். தன்னை அசுத்தப்படுத்தியதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றார். டிரைவரும் மலைட்டாக்காரன்தான், விஷயம் புரிந்து வெலவெலத்துப் போனான். சாயங்காலம் அவன் சொந்தக்காரர்கள் வைட் ரிவருக்கு வந்து ஒரு சரம் சங்குமணிக் காசை ஈடாக வைத்துக் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டார்கள்.

மறுநாளே டிரைவர்கள் கூடிப் பேசினார்கள். தினம் யாராவது ஒரு கிழவர் இறங்கி ஈடு கேட்டால் கட்டுப்படியாகுமா? அதனால் பாலத்துக்கு முன்னாலேயே பஸ்ஸைத் திருப்பிவிடுவது என்று முடிவாயிற்று. மேற்கேயிருந்து வருகிறவன் இந்தப் பக்கம் இறக்கிவிடுவான். சனம் நடந்து பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் வேறு பஸ் ஏற வேண்டும், மறுபடி டிக்கெட் வாங்க வேண்டும். ஒரே பயணத்துக்கு இரண்டு கட்டணம்! பக்தி எங்கிருந்து பொத்துக்கொண்டு வந்தது என்று இப்போது விளங்குகிறதா? மலைட்டாவைக் கண்ணால் பார்க்காத டிரைவர்கள்கூடத் திருப்பினார்கள்.

லோயிஸ் ஒருவனை மறித்துக் கேட்டாள். "நீ கீசோத் தீவுக்காரன். உங்க ஊர்ல இந்தப் பழக்கமே கிடையாதே?"

"இல்லதான் அக்கா. ஆனா மத்தவங்க வழக்கத்துக்கு மரியாதை குடுக்கணும்ல?" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான் அந்த உத்தமன்.

மால்கம் அவளைக் கூப்பிட்டுக் கண்ணாடியைத் தலையில் ஏற்றினார். "ஒரே ரூட்டா ஓடிட்டிருந்ததை ரெண்டா வெட்டிப்புட்டே. யாரு ஆரம்பிச்சான்னு விசாரிச்சேன். உன் மாமனாராமே! வீட்டு விவகாரத்தை வீட்டுல தீத்துட்டு வா. இல்லன்னா பாலத்தைப் பிரிச்சுடலாம்னு மேல சொல்றாங்க."

பாலத்தைப் பிரிப்பதா! இத்தனை ஆண்டில் லோயிஸின் உழைப்புக்கு ஊரில் நிற்கும் ஒரே சாட்சி அதுதான்.

மாமனாரிடம் மருமகள் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. அன்று சாயங்காலம் சமையல் கொட்டகையில் மரவள்ளியை உரித்துக்கொண்டே, புருஷனைப் பார்த்து மாமனார் காதில் விழும்படி பேசினாள்.

"ஆல்சன், உங்கப்பாகிட்ட சொல்லு. அவர் கீழ போனாத்தான் மத்த பஸ்ஸும் போகும்னு டிரைவருங்க சொல்றாங்க. பஸ் திரும்பிடுறதால அவரும்தான் பாலத்தைச் சுத்திக்கிட்டு நொண்டி நொண்டி நடக்குறாரு. கால் வேணாமா அவருக்கு?"

கிழவர் நான்கு அடி தூரத்தில் பாக்கு மென்றுகொண்டிருந்தார். மகனைப் பார்த்து, "அவகிட்ட சொல்லு," என்றார். "எனக்கு எந்தப் பொம்பளை மேலயும் கோவம் இல்ல. ஆனா அந்தப் பாலத்துக்கு அடியில போன அன்னிக்கு ராத்திரியிலேருந்துதான் புண்ணு எரியுது. எங்க முன்னோருங்க பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. அவங்க கோவிச்சுக்கிட்டா எந்த டாக்டரு கட்டுனாலும் ஆறாது."

"புண்ணு அதுக்கு முன்னாடியே எரிஞ்சுதுன்னு சொல்லு," என்றாள் லோயிஸ்.

"வாய்க்கு வாய் பேச வேணாம்னு அவகிட்ட சொல்லு," என்றார் கிழவர்.

ஆல்சன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் ஒருத்தன் எதுக்கு நடுவுல?" என்று எழுந்து போகப் பார்த்தான். கிழவர் தடியால் தடுத்தார். பாக்கைத் துப்பினார்.

"கேளுடா. நான் கீழ போறப்ப மேல பொம்பளை யாரும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆளில்லாத பாலம்னா அது வெறும் கூரை. கூரைக்கு அடியில போக எனக்கென்ன பயம்? எல்லா டிரைவரும் பாக்கவே போறேன்."

லோயிஸுக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஒரு நிமிஷ விஷயம்! அந்த ஒரு நிமிஷம் பெண்களை நிறுத்தி வைத்தால் போதும், பாலம் பிழைத்துக்கொள்ளும். வேறொன்றையும் அவள் யோசிக்கவில்லை, யோசிக்கும் சக்தியும் மிச்சமில்லை.

சனிக்கிழமை டிரைவர்கள் எல்லாம் கூடி நின்றார்கள். லோயிஸ் ஒரு பக்கப் படியில் கைகளை விரித்து நின்றாள், அவள் அக்காள் மறு பக்கப் படியில். கீரைக்கட்டும் பிள்ளையுமாக வந்த ஒரு சந்தைக்காரி இடுப்பில் கை வைத்தாள்.

"ஏம்மா, இந்தப் பாலத்தை வாங்கிக் குடுத்தது நீதானாமே?"

"ஆமாக்கா."

"ஏறக் கூடாதுன்னா எதுக்கு வாங்கிக் குடுத்தே?"

"ஒரே நிமிஷம்க்கா. இந்த ஒரு தடவைதான்."

பஸ் வந்தது. முன் சீட்டில் தோமியா கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கீழே நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போனது. டிரைவர்கள் விசில் அடித்தார்கள். லோயிஸ் கைகளை இறக்கியபோது தோள் விண்ணென்று வலித்தது.

திங்கட்கிழமை எல்லா பஸ்ஸும் பாலத்துக்குக் கீழே ஓடின. ஓடின, ஆனால் டிரைவர்கள் கேட்டார்கள்: கிழவருக்கு மட்டும்தான் மரியாதையா? எங்கள் வண்டியில் கிழவர்கள் இல்லையா? லோயிஸே வழி காட்டிவிட்டாளே! டிரைவர் சங்கத்தார் இரண்டு பக்கப் படியிலும் கயிறோடு ஆள் போட்டார்கள். பஸ் வந்தால் கயிற்றைக் கட்டுவான், போனால் அவிழ்ப்பான். ஒற்றை ரோட்டில் பஸ் எப்போது வராமல் இருக்கும்? பெண்கள் கயிற்றுக்கு முன்னால் நின்றார்கள், வெயிலில் நின்றார்கள், மீன் கெட்டுப்போக நின்றார்கள். கீரைக்காரிதான் முதலில் பொறுமை இழந்து ரோட்டில் இறங்கினாள். அவளுக்காக பஸ் நின்றது. அவளுக்குப் பின்னால் எல்லாரும் இறங்கினார்கள்.

மால்கம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டார்: பஸ்கள் நேராக ஓடுகின்றன, பிரச்சினை தீர்ந்தது. லோயிஸ் அவரிடம் போய்ச் சொன்னாள்.

"பாலத்துல இப்ப ஆம்பளைங்க மட்டும்தான் சார் இருக்காங்க. காத்து வாங்கறாங்க, பாக்கு விக்கறாங்க."

"பஸ் ஓடுதில்ல?"

"ஓடல சார், நிக்குது. பழையபடி துறைமுகம் வரைக்கும் நிக்குது."

"நின்னு நின்னு ஓடுது," என்றார் மால்கம். "அந்தக் கோப்பை மூடியாச்சும்மா. திறக்காதே."

அவள் திறக்கவில்லை. சண்டை போடுவாள் என்று ஆல்சன்கூட எதிர்பார்த்தான். அவள் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கிழவரின் புண் ஆறிவிட்டது. கட்டு மாற்றியதால் ஆறியது என்றார் டாக்டர். ஊருக்குக் கப்பலேறுமுன் கிழவர் மகனிடம், "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. பாலம் நல்லா இருக்கு. நானே ஏறிப் பாத்தேன். கடல் முழுக்கத் தெரியுது," என்றார். மனசாரத்தான் சொன்னார். லோயிஸ் உள்ளே போய்ப் பானையைக் கழுவினாள்.

அடுத்த வாரம் அலுவலகம் விட்டுச் சந்தைக்குப் போய் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கினாள். வீட்டுக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். படியடியில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்காரன் அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றான். "கொஞ்சம் நில்லுங்க அக்கா, பஸ் போயிடட்டும்."

"எத்தனை பஸ்?"

அவன் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். லோயிஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். ஒரு கையைத் தூக்கி நீட்டினாள். வேகமாக வந்த வேன் கிறீச்சென்று அவள் முழங்காலுக்கு அருகில் நின்றது. டிரைவர் புது ஆள், அவளைத் தெரியாதவன். ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினான்.

"சாவுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா? அவ்ளோ பெரிய பாலம் கட்டி வச்சிருக்காங்க, ஏறிப் போனா என்ன, காலு தேஞ்சா போயிடும்?"