இடது பின்பக்க ஸ்பீக்கர்

எங்கள் அறையில் கட்டில் போட்டது போக மிச்சம் இருந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். அந்த அறைக்குள் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும் கொண்டுவந்து இறக்கினார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றி நான் கேட்டதற்கு வாயே திறக்காத மனிதர், பாட்டுக் கேட்க மட்டும் சுவரெல்லாம் வாய் வைக்கக் கிளம்பிவிட்டார்.

நாகல் நகரில் மாமனார் கட்டிய வீடு அது. அவர் போன பிறகும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பங்கு பிரிக்காமல் ஒன்றாகவே இருந்தோம். ஹாலும் அடுப்படியும் பொது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தி ஒரே அறையாக இருந்ததை, நடுவில் மெல்லிசாக ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கி இருந்தார்கள். அந்தப் பக்கம் இவர் அண்ணன், என் மூத்தார், இருமினால் இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை கரகரக்கும். அதனால் அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு என்றால் படுத்துக்கொண்டு காதோடு காதாகப் பேசுவதுதான். சண்டையைக்கூடக் கிசுகிசுத்துத்தான் போட்டோம். பெண்பிள்ளை சுவர் ஓரம் படுக்க வேண்டும், ஆம்பிளை கதவுப் பக்கம் படுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். வந்த நாளிலிருந்து நானும் சுவர் ஓரம்தான் படுத்தேன். அது அவருக்கு இடது பக்கம்.

அவர் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தார். மில் பஸ்ஸில் போய் மில் பஸ்ஸில் வருவார். வீட்டில் பேசினாலும் மிஷின் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி சத்தமாகத்தான் பேசுவார். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். மில்லுக்காரங்க அப்படித்தான் என்று என் அம்மா வீட்டிலும் சொன்னார்கள், இவர் அண்ணனும் சொன்னார். எங்கள் தெருவில் மில்லுக்குப் போகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். நானும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, நேராத கோயில் இல்லை. சனிக்கிழமைகளில் நான் சிஸ்டர்கள் நடத்திய பிள்ளைகள் இல்லத்துக்குப் பெரிய பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போவேன். அங்கே நடை பழகி முடித்த வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. நான் மிதிக்கிற தையல் மிஷினுக்கு அடியில் வந்து உட்கார்ந்து, விழுகிற துண்டுத் துணியை எல்லாம் மடியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் அவர் என்னைக் கூட்டிப்போக சைக்கிளில் வருவார். அவரைப் பார்த்ததும் அது ஓடிப்போய்க் கையை நீட்டும். அவர் தூக்கி முன்கம்பியில் உட்கார வைப்பார். அது போதும் போதும் என்கிற வரைக்கும் பெல் அடிக்கும். அவரும் சலிக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் குழந்தையை எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்கத்தான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீட்டில் யார் காதிலும் விழக் கூடாது. விழுந்தால், யார் பெத்த புள்ளையோ, இந்த வீட்டில் அதற்கும் பங்கா என்று பேச்சுக் கிளம்பும். அதனால் ஒரு மத்தியானம், அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்தபோது காதில் சொன்னேன். பதில் இல்லை. தூக்கம் என்று நினைத்தேன். இன்னொரு நாள் கேட்டேன். அவர் விழித்துத்தான் இருந்தார், கால் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதும் பதில் இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வெளியூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்து புள்ளையப் பாத்துட்டுப் போயிருக்காங்கம்மா. ஒனக்கு ஆசைனு எனக்குத் தெரியும். வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு, நான் அவங்கள்ட்ட இல்லைன்னுர்றேன்" என்றார்.

மறுநாள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் வந்து, கறியும் சோறும் சாப்பிட்டுப் படுத்தோம். அவர் வழக்கம்போல எனக்கு முதுகு காட்டிக் கதவைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மேலே தெரிந்த காதில் வாயை வைத்துக் கேட்டேன். "அந்தப் பாப்பாவ நாம கூட்டியாந்துருவோமாங்க? எனக்கு அது வேணுங்க." அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனார். சமாதானம் சொல்கிறாராம் என்று நினைத்துக்கொண்டேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே? திரும்பத் திரும்பக் கேட்க நான் என்ன பிச்சைக்காரியா?

திங்கட்கிழமை போய், "அவருக்கு இஷ்டமில்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தோடு அங்கே போவதையும் நிறுத்தினேன். ஏன் நிறுத்தினாய் என்று அவர் கேட்டார். முதுகு வலிக்கிறது என்றேன்.

அந்த வருஷம்தான் இந்த ஸ்பீக்கர்கள் வந்தன. மில்லில் அவரோடு வேலை பார்த்த ஒருவர், லீவு நாளில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் தானே அசெம்பிள் செய்து கொடுப்பார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்பார்கள், எனக்கு அவர் அண்ணன் முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் பெட்டிகளோடு வந்து இறங்கினார். "என்ன மாப்ள, திடீர்னு தியேட்டர் கட்டுற?" என்று அவர் கேட்டதற்கு என் வீட்டுக்காரர், "ரூமு ஊமையாக் கெடக்குடா, கொஞ்சம் சத்தம் இருந்தா நல்லாருக்கும்" என்றார். நான் காபியை டக்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். ரூம் ஊமையாகக் கிடப்பதற்கு யார் காரணம்?

ஆனாலும் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியவில்லை. டி.வி. கால்மாட்டுச் சுவரில் ஸ்டாண்டில் இருந்தது. முன்பக்க ஸ்பீக்கர் இரண்டும் அதன் இரண்டு பக்கத்திலும் போயின. நடு ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் என் தையல் மிஷின் மூடிமேல் வைத்தார்கள். ஊஃபர் கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் போனது. பின்பக்கத்து இரண்டையும் தலைமாட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். இடது மூலையில் இருதய ஆண்டவர் படம் இருந்தது. படத்தைக் கொஞ்சம் நகர்த்தி ஆணி அடித்தார்கள். அடித்த சத்தத்துக்கு மூத்தார் சம்சாரம் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஆண்டவரு காதுலயேவா பாட்டுப் போடப் போறீக?"

"நல்ல பாட்டாப் போடுறேன் மதினி."

"எந்தப் பாட்டாச்சும் போடுங்க. மெதுவா வைங்க, எங்களுக்குத் தலைவலி வந்துரும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதனால் சத்தத்தைக் குறைத்தே வைத்தார்கள். என் வீட்டுக்காரர் கட்டிலில் நடுவாக, டி.வி.யைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நண்பர் முன்பக்கத்தை எல்லாம் அணைத்துவிட்டு, பின்பக்க ஸ்பீக்கர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பாட விட்டார்.

"ரைட்டு ஓகே. லெஃப்ட்டு பாடல மாப்ள" என்றார் இவர்.

"பாடுதேடா."

"எங்கிட்டுப் பாடுது? செத்துக் கெடக்கு."

நண்பர் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை மாற்றிக் கொடுத்தார். அப்போதும் இடதுதான் பாடவில்லை. இரண்டு பெட்டியையும் கழற்றி, வலதில் இருந்ததை இடதிலும் இடதில் இருந்ததை வலதிலும் மாட்டினார். இடதில் மாட்டியதுதான் பாடவில்லை. "அப்ப செவுத்துலதான்டா கோளாறு" என்று இவர் சலித்துக்கொண்டார். நான் வாசலில் நின்று, "எனக்கு ரெண்டும் நல்லாத்தான கேக்குது" என்றேன். "ஒனக்கு இதெல்லாம் தெரியாது, செத்த சும்மா இரு" என்றார்.

பிறகு தானே பார்க்கிறேன் என்று கட்டிலில் திரும்பி, தலைமாட்டுச் சுவரைப் பார்த்து முட்டி போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆங், இந்தா பாடுதுல்ல." இருதய ஆண்டவர் பக்கத்து ஸ்பீக்கரைக் காட்டினார். அடுத்ததாக நண்பர் மற்றதைப் பாட விட்டார். "அட, இப்ப அது போச்சே" என்றார் இவர்.

நண்பர் கையில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றார். "மாப்ள, மறுபடி டி.வி.யப் பாத்துத் திரும்பி உக்காரு" என்றார். இவர் திரும்பினார். "இப்ப?"

"இப்ப அது பாடுது, இது போச்சு."

நண்பர் பாட்டை நிறுத்தினார். கட்டிலில் ஒரு முட்டியை ஊன்றி, இவருக்கு இடது பக்கமாகக் குனிந்து, மெதுவாக, "மாப்ள" என்றார். இவர் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டார். வாசலில் நின்ற எனக்கே நன்றாகக் கேட்டது. இவர் என்னைப் பார்த்து, "என்ன, பாட்ட நிறுத்திட்டான்?" என்றார்.

நண்பர் சாமான்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல், "தங்கச்சி, மாப்ளயக் காது டாக்டர்ட்ட ஒருக்காக் காட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காதை எல்லாம் நான் பிறகுதான் நினைத்தேன். முதலில் நான் பார்த்தது கட்டிலில் என் இடத்தைத்தான். சுவர் ஓரம், அவருக்கு இடது பக்கம். கேட்கிற வலது காதைத் தலையணையில் புதைத்துத்தான் எப்போதும் தூங்குவார், அப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்பார். மேலே தெரிந்த காதில்தான் நான் சொன்னேன். அத்தனையும் அந்தக் காதில்தான் சொன்னேன்.

கதவைச் சாத்திவிட்டு அவருக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருந்தால் எனக்கென்ன என்று வாய்விட்டே கேட்டேன்.

"அந்த ஹோம்ல இருக்கிற பாப்பாவப் பத்தி ஒங்ககிட்டக் கேட்டேன்ல?"

"எந்தப் பாப்பா? பெல்லடிக்குமே, அதா?"

"அதுதான்."

"என்ன கேட்ட?"

"நமக்குனு எடுத்துக்கலாமானு."

அவர் என்னையே பார்த்தார். "நீ கேக்கவே இல்லயே" என்றார்.

"கேட்டேன்."

"எப்ப கேட்ட?"

நான் கையை நீட்டி அவருடைய இடது காதைத் தொட்டேன். "இதுல கேட்டேங்க" என்றேன். அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அவர் அப்பா செத்தபோதுகூட. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை யாரோ அணைத்தார்கள்.

மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து இல்லத்துக்குக் கூட்டிப்போனார். சிஸ்டர் என்னைத்தான் பார்த்தார். "நீதானம்மா அவருக்கு இஷ்டமில்லன்னு சொன்ன? பிள்ளைய அப்பவே கொடுத்தாச்சே. நல்ல எடம். எந்த ஊருன்னு நான் சொல்லக் கூடாது." இவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தார். வீடு வருகிற வரைக்கும் எத்தனையோ பேர் குறுக்கே வந்தார்கள். அவர் பெல்லே அடிக்கவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத்தான் ஓட்டினார்.

சின்ன வயதில் சீழ் வடிந்த காது, மேலே மில் சத்தமும் சேர்ந்துகொண்டது, இடது பக்கம் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலது காதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். பிறகு ஒரு தடவை, வேறு ஒரு குழந்தை வந்திருக்கிறது என்று சிஸ்டர் ஆள் அனுப்பினார். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்குமே அந்தக் குழந்தையைப் போய்ப் பார்க்கக் கால் எழவில்லை.

டாக்டரைப் பார்த்து வந்த வாரமே அவர் கட்டிலில் இடத்தை மாற்றிவிட்டார். அவர் சுவர் ஓரம், நான் கதவுப் பக்கம். இது என்ன புதுப் பழக்கம் என்று மூத்தார் சம்சாரம் ஜாடையாகப் பேசிப் பார்த்தார். ஸ்பீக்கர்கள் அங்கேயே தொங்கின. அவர் பாட்டுப் போடுவதை விட்டுவிட்டார். நான் வாரத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருந்தோம். அவர் மல்லாந்து படுத்து மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, அவரால் எவ்வளவு மெதுவாகப் பேச முடியுமோ அவ்வளவு மெதுவாக, "அன்னைக்குக் கேட்டேன்னியே, அத இப்பக் கேளு" என்றார்.

"இப்ப என்னத்துக்குங்க?"

"கேளு. எப்படிக் கேட்டியோ அப்படியே கேளு."

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காதில் வாயை வைத்தேன்.

"அந்தப் பாப்பாவ நாம கூட்டியாந்துருவோமாங்க? எனக்கு அது வேணுங்க."

"சரி, கூட்டியாந்துருவோம்" என்றார் அவர்.