எந்தப் பை?

எங்கள் வீட்டில் பெண்ணுக்குத் தொப்புளுக்குக் கீழே இருப்பதெல்லாம் வயிறுதான். மாதவிலக்கு வந்தால் வயிற்று வலி, வெள்ளைப்பட்டால் வயிற்றில் சூடு. டீசல் இன்ஜினில் எந்த வாஷர் எங்கே உட்காரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் என் அக்காவின் கணவருக்கு, மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகும் அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்படவில்லை. மரக்காணம் உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்து நடத்துகிறவர். பெரிய ஆள் என்று அவருக்கே ஒரு நினைப்பு.

அக்காவுக்கு முப்பத்தாறு வயதில் உதிரப்போக்கு நிற்காமல் போனது. அவளும் அதே பாத்தியில்தான் உப்பு வாரிச் சுமக்கிறாள். பத்து நாள், பதினைந்து நாள் என்று நீண்டு, ஒருநாள் தலைக்கூடையோடு வரப்பில் விழுந்தாள். வெயில் என்றார்கள். வெயிலுக்கு இப்படி ரத்தம் போகுமா என்று கேட்கிற புத்தி அங்கே ஒருவருக்கும் இல்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பை முழுக்கக் கட்டி. எடுத்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோர் வாயிலும் பை. "மூணு பெத்தாச்சி, இனிமே அந்தப் பை எதுக்கு?" என்றாள் அக்காவின் மாமியார், கிழிந்த மஞ்சப்பையைத் தூக்கிப் போடச் சொல்வது போல.

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள் என்று ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். "கர்ப்பப்பைய எடுத்துடறோம். சினைப்பை ரெண்டும் நல்லாத்தான் இருக்குது, உங்க வயசுக்கு அத விட்டுடறது நல்லது. என்ன சொல்றீங்க?"

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் முந்திக்கொண்டார். "இருக்கற பையெல்லாம் எடுத்துடுங்க மேடம். ஒண்ண வுட்டு வெச்சி, நாளைக்கு அதுல கட்டி வந்தா யாரு அலையறது?"

பை என்று முடிவதெல்லாம் அவருக்கு ஒரே பை. நல்லவேளை, டாக்டரம்மா சிறுநீர்ப்பையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

"வெளிய போய் யோசிச்சிட்டு வாங்க" என்று டாக்டரம்மா எங்களை அனுப்பினார். வராந்தாவில் மூன்று பேரும் நின்றோம். எனக்குத் தெரியும். கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் உடைக்காத மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அளவில் இருப்பது சினைப்பை. மாதம் ஒரு முட்டை விடுவது மட்டும் அதன் வேலை இல்லை. அது சுரப்பதை நம்பித்தான் எலும்பும் தூக்கமும் உடம்புச் சூடும் ஒழுங்காக இருக்கின்றன. பரீட்சையில் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மாமா எதிரில் அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தேன். த்தூ, என்ன படிப்பு! அக்கா கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருடம் ஆகிறது. தை மாதத்துக் காலைக் குளிரிலும் அக்காவுக்குச் சேலை நனைய வியர்க்கிறது. தூக்கம் இல்லை. மூட்டு வலியில் கூடையைத் தூக்க இன்னொருத்தி கை கொடுக்க வேண்டியிருக்கிறது. "அதான் எல்லாத்தியும் எடுத்தாச்சே, இன்னும் வயித்துல என்னா?" என்கிறார் மாமா.

போன வாரம் பாத்திக்குப் போய் அவளை ஓரமாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சினைப்பை என்ற சொல்லை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்ப அது போனதாலதான் எனக்கு இப்பிடி ஆவுதா?"

"ஆமாக்கா."

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அந்தாளுக்குத் தெரியாதுடி" என்றாள். கூடையைத் தூக்கிவிட நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் நின்றவளைக் கூப்பிட்டாள்.