மதியப் பள்ளிக்காக ஓடிய நான்கு சுற்று

அந்தப் பெரிய பள்ளியின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. புல்தரை மைதானம், ரப்பர் போட்ட ஓடுபாதை, ஏசி பஸ் எல்லாம் வைத்திருந்த பள்ளி அது. துபாய், சார்ஜா பக்கத்து இந்தியப் பள்ளிகள் சில சேர்ந்து வருடாவருடம் ஒரு தடகள லீக் நடத்திவந்தன. அக்கா ஒன்பதாவது படித்தபோது லீக்கில் ஆறு பள்ளிகள். மறு வருடம் பெரிய பள்ளி, தன்னைப் போலவே புல்தரை வைத்திருந்த இன்னொரு பள்ளியையும் கூட்டிக்கொண்டு வேறு லீக்குக்குப் போய்விட்டது. எங்களோடு மண்ணில் ஓடினால் அவர்கள் பிள்ளைகளுக்குத் தும்மல் வருமோ என்னவோ. கட்டடக்காரர் காலி செய்யச் சொன்னதால் வேறொரு பள்ளி மூடப்பட்டது. மிச்சம் மூன்று. நான்கு பள்ளிகளாவது இல்லாவிட்டால் போட்டி கிடையாது என்பது விதி.

அக்காவுக்குப் பயந்துதான் பெரிய பள்ளி ஓடிவிட்டது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அந்தப் பள்ளிப் பெண் ஒருத்தி எண்ணூறு மீட்டரில் அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அக்காவைத் தோற்கடித்திருந்தாள். இரண்டு வருடமும் அக்கா இரண்டாவது. பத்தாவது முடிந்ததும் அக்கா நாகர்கோவிலில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கப்போவது முடிவாகியிருந்தது. அதனால் அவளுக்கு அதுதான் கடைசிப் போட்டி. அதுவும் இல்லை என்று தெரிந்ததும் வீட்டில் யாரோடும் பேச்சில்லை. என்னோடு மட்டும் பேசினாள், திட்டுவதற்கு.

வழி கண்டுபிடித்தது பி.டி. சார். எங்கள் பள்ளி இரண்டு ஷிப்ட். இடம் பற்றாததால் பாதிப் பிள்ளைகள் காலையில், மீதிப் பிள்ளைகள் மதியம். அக்கா காலை ஷிப்ட், நான் மதிய ஷிப்ட். அவள் பன்னிரண்டரைக்கு வந்து வாசலில் கழற்றிப் போடும் கேன்வாஸ் ஷூவை நான் சூடு ஆறுவதற்குள் மாட்டிக்கொண்டு ஒரு மணி வகுப்புக்குக் கிளம்புவேன். முன்னால் துணி அடைத்துக்கொண்டால் எனக்குச் சரியாக இருக்கும். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஜோடி. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

இந்த இரண்டு ஷிப்டையும் இரண்டு பள்ளி என்று சார் லீக்கில் எழுதிக்கொடுத்துவிட்டார். லீக் கமிட்டிக்காரர்கள் நேரில் வந்து கேட்டார்கள்.

“காலையில வேற ஹெச்.எம்., மத்தியானம் வேற ஹெச்.எம். பெல் வேற, பிள்ளைங்க வேற. கட்டடம் மட்டும்தான் சார் ஒண்ணு” என்றார்.

அவர்களுக்கும் போட்டி நடந்தாக வேண்டும். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் நான்கு பள்ளிப் பிள்ளைகளும் ஓடி முடிக்க வேண்டும். ஒரு பள்ளி குறைந்தாலும் அந்தப் பந்தயம் செல்லாது, மெடல் கிடையாது.

மதிய ஷிப்டில் எண்ணூறு மீட்டர் ஓட ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். போட்டிக்கு நான்கு நாள் முன்னால் அவள் அப்பாவுக்கு விசா கேன்சல் ஆகி, குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டாள். சார் என் வகுப்புக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸுக்குக்கூட ஓடாதவள்.

“உங்க அக்கா ஓடுறால்ல? ரத்தத்துல இருக்கும்” என்றார். இருக்கவில்லை.

போட்டி நாளான வெள்ளிக்கிழமை காலை வீட்டில் சண்டை. ஷூ ஒன்று, ஓடும் கால் நான்கு. அக்கா முதல் ஆளாக எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டே பல் தேய்த்தாள். அம்மா நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கழற்றி வைத்திருந்த வெள்ளை டியூட்டி ஷூவைக் கேட்காமல் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு அணிக்கும் ஒரே டி-ஷர்ட் என்பதால் மதிய ஷிப்ட் பிள்ளைகள் டி-ஷர்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தோம். தையல், லேபிள் எல்லாம் வெளியே தெரிந்தது. எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆளே இல்லை.

மைதானம் என்பது வெறும் மண். சுண்ணாம்புக் கோடு போட்டுச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். எண்ணூறு மீட்டருக்கு நான்கு சுற்று. அப்பா ஜெபல் அலியில் வேலை பார்த்த கம்பெனியின் பஸ் டிரைவர் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணிக்காரர். அவரையும் அப்பா கூட்டி வந்திருந்தார். யாருக்குக் கை தட்டுவது என்று அவர் கேட்க, அப்பா, “முன்னால வர்றதும் நம்ம பிள்ளைதான் பாய், பின்னால வர்றதும் நம்ம பிள்ளைதான்” என்றார்.

விசில் அடித்ததும் அக்கா பறந்துவிட்டாள். நான் முதல் சுற்றிலேயே கடைசி. நான் இரண்டாவது சுற்றில் இருக்கும்போதே அக்கா ஒரு சுற்று கூடுதலாக ஓடி என்னைத் தாண்டிப் போனாள். என் மூன்றாவது சுற்று பாதியில் கூட்டம் கத்தியது. அக்கா ஓடி முடித்து நாடாவை அறுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் முடித்துவிட்டார்கள். மைதானத்தில் நான் மட்டும். அம்மாவின் ஷூவுக்குள் மண் ஏறி, காலில் இரண்டு செங்கல்லைக் கட்டியதுபோல் இருந்தது. விலா குத்தியது. நின்றுவிட்டேன்.

கயிற்றுக்கு வெளியே அக்கா ஓடிவந்தாள்.

“ஏட்டி, நிக்காத. நீ நின்னா எனக்கு மெடல் இல்ல.”

“மூச்சு முட்டுதுக்கா.”

“பேசுத இல்ல? அப்ப மூச்சு இருக்கு. ஓடு.”

“வயிறு வலிக்கு.”

“ராத்திரி மூணு பரோட்டா தின்னியே, அப்ப வலிக்கலையா? நடட்டி. நடந்தாவது வா.”

பட்டாணிக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து, “யல்லா பேட்டி, ஜல்தி ஜல்தி” என்று, சீக்கிரம் ஓடு மகளே என்ற அர்த்தத்தில், துண்டைச் சுழற்றினார். நடந்தேன். பிறகு ஓடினேன். கடைசிச் சுற்றில் இடது ஷூ கழன்று விழுந்தது. எடுக்கத் திரும்பினேன்.

“அதை நான் எடுத்துக்கிடுதேன், நீ போ மூதி” என்று அக்கா கத்தினாள். கயிற்றுக்கு உள்ளே வந்தால் உதவி செய்ததாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நான் தாண்டிப் போனபிறகு கயிற்றில் வயிற்றைச் சாய்த்து, கையை நீட்டி, ஷூவை இழுத்து எடுத்துக்கொண்டு மறுபடி என்னோடு ஓடிவந்தாள். எண்ணூறு மீட்டர் ஓடி முடித்தவள் எனக்காக இன்னும் முந்நூறு மீட்டர் ஓடினாள், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே.

நான் கோட்டைத் தாண்டியபோது ஏதோ உலக சாதனை செய்ததுபோல் மைதானமே கை தட்டியது. மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் தட்டினார்கள். என்னால் அவர்களுக்கும் மெடல். சார் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். நான் மண்ணில் மல்லாந்து கிடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கிடந்ததில்லை.

அக்கா மெடல் மேடைக்குப் போகவில்லை. நேரே ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவரிடம் போனாள்.

“சார், என் டைம் என்ன?”

அவர் தாளைப் பார்த்துச் சொன்னார். இரண்டு நிமிடம் முப்பத்தொன்பது வினாடி.

அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். போன வருடம் அந்தப் பெரிய பள்ளிப் பெண் முதலாவதாக வந்தது இரண்டு நிமிடம் நாற்பத்தொன்றில். அந்த எண்ணை அக்கா ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் மனதில் வைத்திருந்தாள்.

முதலில் வந்தவளுக்கு டைம் எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அக்கா திரும்பி ஓடிவந்து, கிடந்த என்னை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அழுதாள், சிரித்தாள். எல்லாம் நான் ஓடி முடித்ததற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

“போதும்க்கா, அழாத. வேணும்னா அடுத்த வருசமும் ஓடுதேன்” என்றேன்.